ஒப்பந்ததாரர் மாறும் நாளில் பம்பு நிற்கக் கூடாது: கூட்டுக் குடிநீர்த் திட்ட டெண்டரில் பொறுப்பு மாற்றத் திட்டம் இடறும் இடங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கூட்டுக் குடிநீர்த் திட்டப் பராமரிப்புப் பணிக்கு டெண்டர் போடுகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது. பழைய ஒப்பந்ததாரரிடமிருந்து புதியவர் கைக்குப் பணி வரும் அந்த மூன்று நான்கு வாரம்தான் இங்கே பேச்சு. டெண்டரின் தொழில்நுட்ப உறையில் (வேலையை எப்படிச் செய்வோம் என்று சொல்லும் பகுதி; விலை தனி உறையில்) அதற்கென ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருப்பதிலேயே பலவீனமான பக்கமாக இருக்கும்.

மற்ற மாவட்டங்களில் இரண்டு நாள் பம்பு நின்றால் மக்கள் லாரித் தண்ணீரோ போர்வெல்லோ பார்த்துக்கொள்வார்கள். இங்கே போர்வெல்தான் சிக்கலே. இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 மி.கி. வரை பொறுக்கலாம். இவ்விரு மாவட்டங்களின் பல ஊர்ப் போர்வெல்களில் அதையும் தாண்டுகிறது. பற்களில் பழுப்புக் கறையும் முழங்கால் வளைவும் அதன் அடையாளங்கள். ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்ததே இதற்காகத்தான். ஒப்பந்தம் மாறுகிற வாரத்தில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் மூடி வைத்த அடிபம்புக்குத்தான் போவார்கள். பொறுப்பு மாற்றத் திட்டத்தை எழுதும்போது இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதிப் பிழைகள் வராது.

கீழே ஒவ்வொரு அறிகுறியையும், அதன் காரணத்தையும், டெண்டரில் செய்ய வேண்டியதையும் சொல்லியிருக்கிறோம்.

அறிகுறி: தொழில்நுட்ப மதிப்பீட்டில் இந்தப் பகுதிக்கு மதிப்பெண் குறைகிறது, அல்லது "விளக்கம் தேவை" என்று கடிதம் வருகிறது

காரணம் பெரும்பாலும் எழுத்திலேயே இருக்கும். "பணியை எவ்விதத் தடங்கலுமின்றி ஏற்றுக்கொள்வோம்" என்பது வாக்குறுதி, திட்டமல்ல. மதிப்பிடும் பொறியாளருக்கு நாள், ஆள், இடம் வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"பணி ஆணை பெற்ற 6-ஆம் நாள் முதல் 10-ஆம் நாள் வரை, உதவிப் பொறியாளர், தற்போதைய ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர், எங்கள் மேற்பார்வையாளர், எங்கள் எலக்ட்ரீஷியன் ஆகிய நால்வரும் நாளொன்றுக்கு இரண்டு நீரேற்று நிலையங்கள் வீதம் கூட்டு ஆய்வு செய்வர். ஒவ்வொரு நிலையத்திலும் அன்றே நால்வரும் கையெழுத்திடுவர்."

இதைப் படித்தவர் யாரும் விளக்கம் கேட்க மாட்டார். கால அட்டவணைக்கு 21 நாள் போதும். முதல் 5 நாள் ஆவணங்களும் ஆட்களோடு பேச்சும். 6 முதல் 10 வரை கூட்டு ஆய்வு. 11 முதல் 17 வரை உங்கள் ஆட்கள் பழைய ஆட்களோடு ஷிப்டில் நின்று பார்ப்பது (நிழல் ஷிப்ட்). 18 முதல் 20 வரை உங்கள் ஆள் இயக்க, பழையவர் பக்கத்தில் நிற்பது (தலைகீழ் ஷிப்ட்). 21-ஆம் நாள் காலை பொறுப்பேற்பு. நிலையங்கள் அதிகமிருந்தால் கூட்டு ஆய்வை மட்டும் நீட்டுங்கள். மூன்று நாள் தலைகீழ் ஷிப்டைக் குறைக்காதீர்கள். எந்த வால்வை எப்போது எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும் என்பது வரைபடத்தில் இருக்காது, ஆப்பரேட்டர் தலையில்தான் இருக்கும். அது கைமாறுவது அந்த மூன்று நாளில்தான்.

தளத்தைப் பார்க்காமல் இந்தப் பகுதியை எழுதக் கூடாது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் கீழுள்ள விதிகளின்படி 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட டெண்டருக்குக் குறைந்தது 30 நாளும், அதற்குட்பட்டதற்கு 15 நாளும் அவகாசம் கிடைக்கும். முதல் வாரத்திலேயே நிலையங்களைப் பார்த்துவிட்டால்தான் ப்ரீ-பிட் கூட்டத்தில் (டெண்டர் தாக்கலுக்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டம்) கேட்க உங்களிடம் கேள்வி இருக்கும்.

அறிகுறி: முதல் மாதமே கையைக் கடிக்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நிழல் ஷிப்டில் நிற்கும் உங்கள் ஆட்களின் சம்பளத்தை விலை உறையில் எங்குமே சேர்க்காதது. பழையவர் பணியில் இருக்கும் நாட்களுக்குப் பணி தரும் குடிநீர் வாரியம் (கீழே 'துறை' என்பதும் அதுவே) உங்களுக்குப் பணம் தராது. அந்த 10 நாள் கூலி, வண்டி வாடகை, மெக்கர் (மோட்டாரின் மின்காப்பைச் சோதிப்பது) போன்ற கருவிகளின் செலவு எல்லாவற்றையும் மாத விலைக்குள் பரப்பிக் கொள்ள வேண்டும். விலைப்பட்டியலில் இதற்கெனத் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களாக ஒரு வரி சேர்க்க வேண்டாம், நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

இரண்டாவது, கையிருப்பு. கணக்குக்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். 42 ஆட்கள், ஆளுக்கு மாதம் 14,000 ரூபாய். சம்பளம் 5,88,000. முதலாளி பங்காக பி.எஃப். நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13 சதவீதம், 76,440. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 19,110. ஆக மாதம் 6,83,550 ரூபாய். முதல் பில் அளவுப் புத்தகத்தில் ஏறி, பாஸாகி, பணம் கைக்கு வர மூன்று மாதம் ஆகும் என்று வைத்தால் 20 லட்சத்துக்கு மேல் கையில் இருக்க வேண்டும். குளோரினும் உதிரி பாகமும் இதில் சேரவில்லை. சம்பளமோ அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போயாக வேண்டும், பில் வந்தாலும் வராவிட்டாலும். வங்கிக் கடன் வரம்புக் கடிதத்தை இந்தப் பகுதியோடு இணைத்து வைத்தால் மதிப்பீட்டுக் குழுவுக்கும் நம்பிக்கை வரும்.

அறிகுறி: பழைய ஆப்பரேட்டர்கள் உங்களோடு சேர மறுக்கிறார்கள், அல்லது சேர்ந்து இரண்டாம் மாதம் போய்விடுகிறார்கள்

அவசரமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். பம்பு கெட்டால் மாற்றிவிடலாம், பத்து வருடம் அதே லைனில் நடந்த ஆளை மாற்ற முடியாது.

ஆட்கள் தயங்குவதற்குக் காரணம் சம்பளத் தொகை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நான்கு கேள்விகளுக்கு அவர்களுக்குப் பதில் வேண்டும்.

பழைய பாக்கி யார் தருவார்? வேலையிலிருந்து விலகும் ஆளுக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டும் என்பது சட்டம். பழைய ஒப்பந்ததாரர் தரவில்லை என்றால் முதன்மை வேலையளிப்பவரான துறை தந்துவிட்டு அவருடைய பில்லில் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே "பழைய ஒப்பந்ததாரரின் இறுதிப் பில்லை விடுவிக்கும் முன் ஊதியப் பாக்கி இல்லை என்ற சான்றைப் பெறும்படி வேண்டுகிறோம்" என்று உங்கள் திட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள். அது துறைக்கும் பாதுகாப்பு.

தீபாவளி போனஸ்? செப்டம்பர், அக்டோபரில் கைமாறும் ஒப்பந்தங்களில் இதுதான் வெடிக்கும். கணக்கு ஆண்டில் 30 நாளாவது வேலை செய்த, தகுதி வரம்புக்குள் வரும் ஆளுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் போனஸ் உண்டு. முந்தைய கணக்கு ஆண்டு முழுக்கப் பழையவரிடம் வேலை பார்த்திருந்தால் அந்தப் போனஸ் அவர் பொறுப்பு. ஆனால் பண்டிகைக்கு முந்தின வாரம் ஆள் நிற்பது உங்கள் வாசலில்தான். கூட்டு ஆய்வுக் குறிப்பிலேயே யார் எந்தக் காலத்துக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பி.எஃப். என்னாகும்? யு.ஏ.என். எண் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) பழையதே தொடர வேண்டும். வெளியேறிய தேதியைப் பழையவர் பதிவு செய்யாமல் விட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து ஆளே போர்ட்டலில் பதிந்துகொள்ளலாம். பலருக்கு இது தெரியாது, நீங்கள் உட்கார்ந்து செய்து கொடுங்கள். அதைவிட முக்கியம், தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. வெளியேறிய தேதி 20 என்றால் உங்களிடம் சேர்ந்த தேதி 21. நிழல் ஷிப்ட் தொடங்கிய 11-ஆம் தேதியே சேர்ந்ததாகப் போட்டுவிட்டால், பின்னாளில் தொகையை மாற்றும்போது விளக்கம் கேட்டு இழுபறி ஆகலாம்.

இ.எஸ்.ஐ.? அவரிடம் இருக்கும் காப்பீட்டு எண்ணிலேயே சேர்க்க வேண்டும். புது எண் போட்டால் நாட்கள் இரண்டாக உடையும். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறு மாதச் சந்தாக் காலம்; நோய்க்கால உதவித்தொகை பெற ஒரு காலத்தில் 78 நாள் சந்தா சேர்ந்திருக்க வேண்டும். எண் உடைந்தால் இந்த 78 இரண்டு கணக்கிலும் நிறையாது. ஆள் படுக்கையில் விழும்போதுதான் இது வெளியே வரும்.

இந்த நான்குக்கும் பதிலை ஒரே தாளில் தமிழில் அச்சடித்து, முதல் 5 நாளுக்குள் ஒவ்வொரு நிலையத்திலும் ஒட்டுவோம் என்று டெண்டரில் எழுதலாம். தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற ஆட்கள் நிறைய. அங்கே அந்த மொழி தெரிந்த மேற்பார்வையாளரைப் போடுங்கள், அதையும் திட்டத்தில் சொல்லுங்கள்.

எல்லை ஒன்றை மறக்க வேண்டாம். ஊராட்சி மேல்நிலைத் தொட்டி ஆப்பரேட்டர்கள் ஊராட்சியின் ஆட்கள். அவர்களை உங்கள் ஆள் பட்டியலில் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு திருத்துவது பார்க்க நன்றாக இராது.

அறிகுறி: பொறுப்பேற்ற இரண்டாம் வாரம் பம்பு விழுகிறது; "உங்கள் காலத்தில்தானே கெட்டது" என்று பிடித்தம் வருகிறது

காரணம், கூட்டு ஆய்வு வெறும் எண்ணிக்கையாக நடந்தது. "பம்பு செட் 3, நல்ல நிலை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் வழக்காட ஒன்றுமில்லை. நல்ல நிலை என்பதற்கு எண் வேண்டும்.

ஒரு நீரேற்று நிலையத்தில் ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்பதை அருகே நின்று பார்ப்போம். முதலில் ஓடுகிற பம்பின் பக்கம் போய் கிளாண்டைப் (சுழலும் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்து அடைப்பு) பாருங்கள். கிளாண்ட் பேக்கிங் உள்ள பம்பில் நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரை தண்ணீர் விழ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். சொட்டே விழாமல் காய்ந்திருந்தால் ஆய்வுக்காகப் போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள்; ஷாஃப்ட் ஸ்லீவ் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஒழுகி ஓடினால் பேக்கிங் போய்விட்டது. அடுத்து டெலிவரி அழுத்தமானி. ஊசி ஆடாமல் நிற்கிறதா, பம்பை நிறுத்தினால் பூஜ்யத்துக்கு வருகிறதா? வராத மானி காட்டிய எண் எதற்கும் பயனில்லை. மூன்று பேஸிலும் ஆம்பியர் எடுத்து, மோட்டார் பெயர்ப் பலகையில் உள்ள எண்ணோடு பக்கத்தில் எழுதுங்கள்.

பிறகு ஓடும் பம்பை நிறுத்துங்கள். நிற்கும்போது நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) 'டம்' என்று அடிக்கிறதா, ஷாஃப்ட் பின்பக்கம் சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழன்றால் வால்வு பிடிக்கவில்லை. நின்ற மோட்டாரை மின் இணைப்பிலிருந்து பிரித்து மெக்கர் போடுங்கள். 440 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் மெக்கரில் 1 மெகா ஓமுக்கு மேல் கட்டாயம் இருக்க வேண்டும். 3.3 கிலோ வோல்ட் மோட்டாராக இருந்தால் 4.3-க்குக் கீழே இறங்கக் கூடாது. இவை அடிமட்ட எண்கள். நல்ல மோட்டார் இதைப் போலப் பல மடங்கு காட்டும். 1.2 காட்டினால் அதை அப்படியே எழுதுங்கள், "சரி" என்று எழுதாதீர்கள்.

காத்திருப்புப் பம்பைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள், ஒரு மணி நேரமாவது. பெரும்பாலும் உதிரியைக் கழற்றி ஓடுகிற பம்புக்குப் போட்டிருப்பார்கள். ஆனால் ஓடும் பம்போடு சேர்த்து ஓட்ட வேண்டாம். உயரழுத்த இணைப்பில் அந்த மாத உச்சத் தேவை (ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச மின்சுமை) ஏறி மின்கட்டணத்தில் நிற்கும்.

வால்வு குழிகளுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். ஸ்லூயிஸ் வால்வை (லைனை அடைப்பது) முழுதாக மூடி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். ஏர் வால்வில் (காற்றை வெளியேற்றுவது) மிதவை ஒட்டிக்கொண்டிருக்கிறதா, ஸ்கவர் வால்வு (லைனிலுள்ள வண்டலை வெளியேற்றுவது) திறக்கிறதா, இல்லை குழி மண் மூடியே கிடக்கிறதா? கண்ணால் பார்க்காத குழியை "பார்க்க இயலவில்லை" என்றே பட்டியலில் எழுத வேண்டும். பென்னாகரம்–ஒகேனக்கல் பாதையிலும் அஞ்செட்டி பக்கமும் காட்டுக்குள் போகிற லைன்களில் யானை நடமாட்டம் உண்டு; அந்த ஆய்வைப் பகலில் மட்டும் வைத்து, வனத்துறைக்குச் சொல்லிவிட்டுப் போகும்படி அட்டவணை போடுங்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் தேதி தெரியும் படம். பட்டியலின் கடைசிப் பத்தியில் மூன்று தலைப்பு: பழையவர் சரிசெய்ய வேண்டியவை, துறை செலவில் சரிசெய்ய வேண்டியவை, புதியவர் ஏற்றுக்கொள்பவை. ப்ரீ-பிட் கூட்டத்திலேயே இந்த மூன்றாவது தலைப்புக்கு வரம்பு கேளுங்கள்: "கூட்டு ஆய்வில் பதிவான குறைகளுக்கு, பொறுப்பேற்ற எத்தனை நாள் வரை பிடித்தம் இராது?" எழுத்தில் பதில் வந்தால் அது டெண்டர் ஆவணத்தின் பகுதி. வராவிட்டால் அந்த ஆபத்துக்கும் சேர்த்து விலை போடுங்கள்.

அறிகுறி: முதல் மின்கட்டணத்தில் பவர் ஃபேக்டர் இழப்பீடு, யார் கட்டுவது என்று தகராறு

உயரழுத்த இணைப்பில் சராசரி பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் பயனாகும் விகிதம்) 0.90-க்குக் கீழே போனால் இழப்பீட்டுக் கட்டணம் விழும். கெப்பாசிட்டர் எரிந்திருக்கும், அல்லது பேனலில் ஃப்யூஸ் பிடுங்கியிருக்கும். கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக ஆம்பியர் எடுத்துப் பார்த்தால் செத்தது தெரிந்துவிடும்.

தகராறு வருவதற்குக் காரணம் தேதி. மின்வாரியம் மீட்டர் குறிக்கும் நாளுக்கு நடுவில் பொறுப்பு மாறினால் அந்த மாதக் கட்டணம் இருவருக்கும் பொதுவாகிவிடும். உச்சத் தேவையைப் பிரிக்கவே முடியாது. ஆகவே பொறுப்பேற்பை மீட்டர் குறிக்கும் நாளோடு பொருத்தும்படி திட்டத்தில் முன்மொழியுங்கள். நேரத்தையும் எழுதுங்கள். "நள்ளிரவு 12 மணி முதல்" என்று போட்டால் அந்த நேரத்தில் அங்கே ஆய்வுக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். காலை ஷிப்ட் மாறும் 6 மணி நல்லது. அந்த நிமிடத்தில் மின் மீட்டர், ஃப்ளோ மீட்டர், மணிக்கணக்கு மீட்டர், சம்ப் மட்டம் நான்கையும் படமெடுத்து லாக் புக்கில் சிவப்பு மையில் கோடு போடுங்கள்.

ஏற்புக் கடிதம், ஒப்பந்தக் கையெழுத்து, பணி ஆணை, தள ஒப்படைப்பு நான்கும் நான்கு தேதி. பில் எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்பதை முதலிலேயே கேட்டுத் தெளியுங்கள்.

அறிகுறி: ஸ்காடா திரை இருட்டாக இருக்கிறது

ஸ்காடா என்பது நிலையங்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் கணினி அமைப்பு. கடவுச்சொல் பழையவரிடம், தொலைநிலையங்களில் உள்ள சிம் கார்டுகள் பழையவர் பெயரில், ரீசார்ஜ் நின்றதும் தரவு நிற்கும். கேட்டு வாங்க வேண்டியவை: பி.எல்.சி. (பம்பைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) நிரலின் காப்பு நகல், மென்பொருள் உரிமச் சாவி, எல்லாக் கடவுச்சொற்களும் மூடிய உறையில் உதவிப் பொறியாளரிடம், சிம்களின் பெயர் மாற்றம் அல்லது புது சிம். சிம் மாற்றத்தை 11 முதல் 17 நாளுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு நிலையமாகச் செய்யுங்கள்; கடைசி நாளில் எல்லாவற்றையும் மாற்றப் போனால் எங்கே தவறு என்று தேடவே நேரம் போகும்.

அறிகுறி: பொறுப்பேற்ற வாரமே கடைசி ஊரில் குளோரின் பூஜ்யம்

பழையவர் குளோரின் இருப்பைக் கடைசி வாரம் தீர்த்துவிட்டுப் போயிருப்பார், அல்லது பழைய பிளீச்சிங் பவுடரை விட்டுப் போயிருப்பார். கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி. இருந்தாக வேண்டும். கணக்கு எளிது: 1 லட்சம் லிட்டருக்கு 2 மி.கி. வீதம் போட 200 கிராம் குளோரின். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் 800 கிராம் பவுடர். ஈரம் பட்டு 10 சதவீதத்துக்கு இறங்கிய மூட்டை என்றால் 2 கிலோ. மூட்டை எண்ணிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டால் இது தெரியாது. குளோரின் சதவீதத்தையும் சோதித்து எழுதுங்கள். டன்னர் (பெரிய குளோரின் வாயு உருளை) இருக்கும் நிலையத்தில் கசிவு அடைக்கும் கருவிப்பெட்டியும் மூச்சுக் கருவியும் இருக்கின்றனவா, ஆட்களுக்குப் போடத் தெரியுமா என்று பாருங்கள். பொறுப்பேற்பதற்கு முன் 7 நாள், பின் 7 நாள், பம்பு ஹவுஸ், நடு லைன், கடைசி ஊர் மூன்றிலும் அளவு எடுப்போம் என்று எழுதுங்கள். புளோரைடும் முன்னும் பின்னும் ஒரு முறை. ஏதாவது ஊரில் போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் கலக்கிறார்களா என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம் வரும்போது ஒகேனக்கலில் கலங்கல் ஏறும். படிகாரமும் வடிகட்டிக் கழுவலும் கூடும். மார்ச் முதல் மே வரை தேவை உச்சம். தேதி உங்கள் கையில் இல்லை என்றாலும், அந்த மாதங்களில் விழுந்தால் கூடுதலாக எத்தனை ஆள், எத்தனை நாள் இருப்பு என்பதைத் தனிப் பத்தியாகக் கொடுங்கள்.

அறிகுறி: பழையவர் வரவே இல்லை

இது நடக்கும். கூட்டு ஆய்வுக்கு மூன்று நாள் முன் எழுத்தில் அறிவிப்பு, நகல் நிர்வாகப் பொறியாளருக்கு. வராவிட்டால் துறைப் பொறியாளர் முன்னிலையில் தனித்து ஆய்வு, வீடியோ பதிவு, அவருக்கு ஸ்பீடு போஸ்டில் நகல். பூட்டை நீங்களாக உடைக்காதீர்கள். துறை உடைக்க வேண்டும், சாவி துறை வழியாகவே உங்களுக்கு வர வேண்டும்.

அறிகுறி: உங்கள் ஒப்பந்தம் முடியும்போது வைப்புத்தொகை மாதக்கணக்கில் நிற்கிறது

நுழையும் திட்டத்தை எழுதியவர்கள் வெளியேறும் திட்டத்தை எழுத மறக்கிறார்கள். ஒப்பந்தம் முடிய 90 நாள் முன்பே தொடங்கும்படி எழுதுங்கள். நீங்கள் வாங்கிய அதே எண்களின் பட்டியல், அதே வரிசையில், இந்த முறை உங்கள் கையெழுத்தோடு. மாற்றிய இம்பெல்லர், பேரிங், மெக்கானிக்கல் சீல் ஒவ்வொன்றுக்கும் தேதியும் பில்லும். ஆட்களின் பி.எஃப். வெளியேறிய தேதி, போனஸ், கடைசிச் சம்பளம் முடித்த சான்று. சிம்களும் கடவுச்சொற்களும் துறைக்கு. கடைசி 15 நாளுக்கான குளோரின் இருப்பைக் கிடங்கில் வைத்துவிட்டுப் போவோம் என்று அளவோடு எழுதுங்கள். மூட்டையின் மேல் தயாரித்த மாதம் தெரியும்படி அடுக்கி, சதவீதத்தைச் சாக்கில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.